அப்பாவின் பி.எஸ்.ஏ. (புரோஸ்டேட்டுக்கான ரத்தச் சோதனை) நான்குக்குள்தான் இருக்கிறது, ஆனால் ஆண்டுதோறும் ஏறுகிறது. விட்டுவிடலாமா?

பொன்னி

வணக்கம். அப்பாவுக்கு வயது 67. அம்மாவுடன் திருவையாற்றில் இருக்கிறார், நான் ஓசூரில். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். 2019-இல் இதயத்தில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். இரவில் நாலைந்து முறை எழுந்து சிறுநீர் கழிக்க வேண்டியிருந்ததால் 2021-இல் ஒரு மருத்துவரிடம் காட்டினோம். வயதானால் வரும் புரோஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) வீக்கம்தான் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். தொல்லை நன்றாகவே குறைந்தது.

ஒவ்வோர் ஆண்டும் பி.எஸ்.ஏ. எடுத்து வைத்திருக்கிறோம்:

2021: 4.1
2022: 2.0
2023: 2.3
2024: 2.9
2025: 3.8

ரிப்போர்ட்டில் '0 முதல் 4 வரை இயல்பு' என்று அச்சிட்டிருக்கிறது. குடும்ப மருத்துவரும் அதைப் பார்த்துவிட்டு, 'நான்குக்குள்தானே இருக்கிறது, அடுத்த ஆண்டு வாருங்கள்' என்று அனுப்பிவிட்டார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. சித்தப்பாவோ, 'நல்லா இருக்கிற மனுஷனை இணையத்தில் தேடி நோயாளி ஆக்காதே' என்கிறார். இங்கே அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்றவன்

உங்கள் சித்தப்பா சொல்வதில் பொருள் இருக்கிறது, அம்மா. எனக்கு வயது 71. இந்தப் பி.எஸ்.ஏ. சமாச்சாரத்தைப் பத்தாண்டாகப் படித்து வருகிறேன். இது புற்றுநோய்க்கான சோதனையே அல்ல. புரோஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தின் அளவு, அவ்வளவுதான். வீக்கம் இருந்தாலும் ஏறும், கிருமித் தொற்று வந்தாலும் ஏறும். புரோஸ்டேட்டில் அந்த எதிர்ப்பொருளை 1970-இல் கண்டறிந்த ரிச்சர்ட் ஆப்ளினே 2010-இல் நியூயார்க் டைம்ஸில், எல்லா ஆண்களுக்கும் இதைச் செய்வது பொதுச் சுகாதாரப் பேரழிவு என்று எழுதினார். அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2012-இல் யாருக்கும் வேண்டாம் என்றது. 2018-இல் கொஞ்சம் இறங்கி வந்து, 55 முதல் 69 வயதுவரை மருத்துவரோடு பேசி அவரவர் முடிவு செய்துகொள்ளலாம், 70-க்கு மேல் வேண்டாம் என்றது.

மாஸ்டர் ஹெல்த் செக்கப் என்று ஐம்பது வயதானவர்களை எல்லாம் வரிசையில் நிறுத்தி ரத்தம் எடுக்கிறார்கள். எண் கொஞ்சம் கூடினால் ஊசியால் சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சி, பிறகு அறுவை, பிறகு ஆயுளுக்கும் டயப்பர். புரோஸ்டேட் புற்றுநோயோடு சாகிறவர்கள் அதிகம், அதனால் சாகிறவர்கள் குறைவு. அப்பாவுக்கு நான்குகூட ஆகவில்லை. நிம்மதியாக இருக்க விடுங்கள்.

நல்லூரான்

நான் லண்டனில் இருக்கிறேன், தங்கச்சி. இங்கே ஐம்பது வயது கடந்த ஆண் எவரும் தன் குடும்ப வைத்தியரிடம் கேட்டால் இந்தச் சோதனையை இலவசமாகச் செய்துகொள்ளலாம். நானும் செய்தேன், 5.6 வந்தது. அதற்கு முன்பே சலக்கடுப்பு இருந்தது, யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தொற்றுக்கு மருந்து எடுத்து, ஆறு வாரம் பொறுத்து மறுபடி பார்த்தபோது 2.1. ஆகவே முதல் வேலை, அப்பாவுக்குச் சிறுநீரில் தொற்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு நாள் முன்னதாக உடலுறவோ நீண்ட சைக்கிள் ஓட்டமோ இருந்தாலும் எண் சற்று ஏறலாம். ஆய்வுக்கூடம் மாறினாலும் மாறும். எல்லாச் சோதனையும் ஒரே இடத்தில்தான் எடுத்தீர்களா?

பொன்னி

ஒரே ஆய்வுக்கூடம்தான் அண்ணா. சிறுநீர்ச் சோதனையும் சேர்த்து எடுத்தோம், தொற்று இல்லை. அப்பா சைக்கிளை விட்டு வெகு காலமாகிறது. இன்னொரு கேள்வியை அப்பாவிடம் நான் எப்படிக் கேட்பது!

அறுவைக்கூடம்

நான் சிறுநீரகவியல் அறுவை மருத்துவன், தென் மாவட்டத்தில் அரசுப் பணி. உங்கள் அப்பாவை நான் பார்க்கவில்லை. அதனால் கருத்துச் சொல்லும் முன் ஒரே ஒரு கேள்வி. 2021-இல் தொடங்கிய அந்த மாத்திரையின் பெயர் என்ன? அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர் வேண்டும், கம்பெனி வைத்த பெயர் வேண்டாம்.

பொன்னி

அம்மாவை வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். டாம்சுலோசின் 0.4 மி.கி., டுடாஸ்டரைடு 0.5 மி.கி., இரண்டும் ஒரே மாத்திரையில். தினமும் இரவு ஒன்று. நான்கு ஆண்டாக ஒரு நாளும் விட்டதில்லை என்று அம்மா சொல்கிறார்.

அறுவைக்கூடம்

அப்படியானால் ரிப்போர்ட்டில் அச்சிட்டிருக்கும் 'நான்கு' உங்கள் அப்பாவுக்குப் பொருந்தாது.

டாம்சுலோசின் சிறுநீர்ப்பாதையின் தசையைத் தளர்த்தும். பி.எஸ்.ஏ.யை அது தொடாது. டுடாஸ்டரைடு வேறு வகை. டெஸ்டோஸ்டிரோனைப் புரோஸ்டேட்டுக்குள் வீரியமான வடிவத்துக்கு மாற்றும் நொதியை அது தடுக்கிறது. சுரப்பி சுருங்கும், கூடவே ஆறு மாதம், ஓராண்டுக்குள் பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாக இறங்கிவிடும். உங்கள் அப்பாவின் எண்களே சாட்சி: 4.1, மாத்திரை தொடங்கியபின் 2.0. இது குணமானதன் அடையாளம் அன்று, மருந்தின் விளைவு. ஃபினாஸ்டரைடும் இப்படித்தான். தலைமுடி கொட்டாமல் இருக்க இளைஞர்கள் சாப்பிடும் 1 மி.கி. அளவும் இதையே செய்யும். அதை மருத்துவரிடம் சொல்பவர்கள் அபூர்வம்.

ஆகவே இந்த மாத்திரை சாப்பிடுகிறவரின் எண்ணை நாங்கள் இரண்டால் பெருக்கிப் பார்ப்போம். 3.8 என்பது 7.6-க்குச் சமம். அதைவிட முக்கியமானது இன்னொன்று. மருந்தில் இருக்கும்போது தொட்ட மிகக் குறைந்த எண்ணிலிருந்து பி.எஸ்.ஏ. ஏறினால், அந்த ஏற்றம் உறுதியானால், 'இயல்பு' வரம்புக்குள் இருந்தாலும் காரணம் தேட வேண்டும். மருந்தோடு வரும் தாளிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. உங்கள் அப்பாவின் அடிமட்டம் 2.0. அங்கிருந்து படிப்படியாக ஏறி 3.8-க்கு வந்திருக்கிறது.

இதைக் கவனிக்காமல் விடுவது உங்கள் ஊரில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் எண்பதாயிரம் பேரின் பதிவேடுகளை ஆராய்ந்து 2019-இல் ஒரு கட்டுரை வந்தது. சந்தேகப்பட வேண்டிய பி.எஸ்.ஏ. வந்த நாளிலிருந்து நோய் கண்டறியும்வரை மற்றவர்களுக்கு ஆன காலம் 1.4 ஆண்டு. இந்த வகை மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 3.6 ஆண்டு. கண்டறியும்போது நோய் முற்றியிருந்ததும் அவர்களிடம்தான் அதிகம்.

இவ்வளவும் சொன்னதால் அப்பாவுக்குப் புற்றுநோய் என்று பொருள் இல்லை. அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், நிறுத்தினால் கணக்கு இன்னும் குழம்பும். சில வாரம் கழித்து அதே ஆய்வுக்கூடத்தில் ஒருமுறை பி.எஸ்.ஏ. எடுங்கள். சிறுநீரகவியல் மருத்துவரிடம் போய் ஆசனவாய் வழியே விரல் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். ஏற்றம் உறுதியானால், பயாப்சிக்கு முன் எம்.ஆர்.ஐ.

ஓய்வுபெற்றவன்

மருத்துவர் ஐயா, மாத்திரை விஷயம் சரி. ஆனால் என் அடிப்படைக் கேள்விக்கு அது பதில் ஆகாது. தேடினால் கிடைக்கும். 2004-இல் வந்த அமெரிக்க ஆய்வில் பி.எஸ்.ஏ. நான்கோ அதற்குக் கீழோ இருந்தவர்களுக்கே பயாப்சி செய்து பார்த்து, நூற்றுக்குப் பதினைந்து பேரிடம் புற்றுநோய் கண்டார்கள். அத்தனை பேரையும் அறுத்தால் யாருக்கு லாபம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அறுவைக்கூடம்

அந்த ஆய்வை நானும் என் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. நீங்கள் சொல்லும் ஆபத்து உண்மை, தேவையில்லாத அறுவைகள் ஏராளமாக நடந்தன, இன்னும் நடக்கின்றன. ஆனால் மறுபக்கக் கணக்கும் இருக்கிறது. தொல்லை இல்லாதவர்களையும் அழைத்துச் சோதித்த ஐரோப்பாவின் பெரிய ஆய்வில், 16 ஆண்டுத் தொடர்ச்சியில், 570 பேரைச் சோதனைக்கு அழைத்தால் ஒரு மரணம் தவிர்க்கப்பட்டது. அந்த ஒன்றுக்காகக் கூடுதலாக 18 பேருக்கு நோய் என்று பெயர் சூட்டப்பட்டது. அந்தப் பதினெட்டுப் பேரையும் அறுக்க வேண்டும் என்ற காலம் போய்விட்டது. கண்டறிவதையும் சிகிச்சையையும் தனித்தனி முடிவுகளாகப் பிரித்துவிட்டோம். பயாப்சியில் நோயின் கடுமைக்குப் போடும் கிளீசன் மதிப்பெண் 6, அதாவது லேசானது, என்று வந்தால் பெரும்பாலும் கண்காணிப்போடு நிறுத்துகிறோம்.

தவிரவும், நீங்கள் எதிர்ப்பது தொல்லையே இல்லாதவர்களைக் கூட்டமாகச் சோதிப்பதை. இந்த அப்பாவுக்கு ஐந்து ஆண்டு எண்கள் கையில் இருக்கின்றன. அவற்றைப் பார்க்காதது போல இருக்க முடியாது.

மூலிகைப்பிரியன்

நெருஞ்சில், சிறுபீளைக் குடிநீர் ஒரு மண்டலம் கொடுத்துப் பாருங்கள் சகோதரி. பூசணி விதையும் நல்லது. பயாப்சிக்கு மட்டும் அவசரப்பட வேண்டாம். ஊசி பட்டால் கட்டி கலைந்து உடம்பெல்லாம் பரவிவிடும். எங்கள் பெரியப்பா பயாப்சி எடுத்த ஆறாம் மாதம் போய்விட்டார்.

அறுவைக்கூடம்

உங்கள் பெரியப்பாவுக்காக வருந்துகிறேன். புரோஸ்டேட் பயாப்சி ஊசி வழியே நோய் பரவுவது மிக மிக அரிது. நம் ஊரில் பலர் இடுப்பெலும்பு வலி வந்தபிறகுதான் வருகிறார்கள். அப்போது எடுக்கும் பயாப்சி ஏற்கெனவே பரவியதைத்தான் காட்டும், ஆனால் பழி ஊசிமேல் விழும்.

நெருஞ்சில் நீர் குடித்துச் சிறுநீர் இலகுவாகப் போனால் நல்லதே. அதை நம்பி எம்.ஆர்.ஐ.யைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எந்தக் கஷாயத்தையும் கேட்காமல் குடிக்கக் கூடாது.

பொன்னி

இரண்டாவது முறை எடுத்ததில் 3.9. திருச்சியில் ஒரு சிறுநீரகவியல் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். விரல் பரிசோதனைக்கு அப்பா முதலில் ஒப்பவே இல்லை, நானும் அம்மாவும் வெளியே போய் உட்கார்ந்தபிறகுதான் சம்மதித்தார். இடப்பக்கம் கொஞ்சம் கெட்டியாக இருக்கிறதாம். எம்.ஆர்.ஐ. எழுதியிருக்கிறார். இதயத்தில் ஸ்டென்ட் இருக்கிறதே, எடுக்கலாமா? ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் சாப்பிடுகிறார்.

அறுவைக்கூடம்

இப்போது வைக்கப்படும் ஸ்டென்ட்டுகள் எம்.ஆர்.ஐ.க்குத் தடையில்லை. ஸ்டென்ட் வைத்த அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். பேஸ்மேக்கர் என்றால் கதை வேறு. ஊசி மருந்து செலுத்தி எடுப்பார்கள், ஆகவே சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தச் சோதனையை முன்கூட்டியே பார்க்க வேண்டும்.

பயாப்சி வரை போனால், ஆஸ்பிரின் குறைந்த அளவில் இருந்தால் பெரும்பாலும் நிறுத்தத் தேவையில்லை. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் இன்னொரு மருந்தான குளோபிடோகிரெல் சேர்ந்திருந்தால் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. பயாப்சியை எந்த வழியாக எடுப்பார்கள் என்றும் கேளுங்கள். ஆசனவாய் வழியாக ஊசி போனால் குடல் கிருமிகள் ரத்தத்தில் கலக்க வாய்ப்பு உண்டு. நம் நாட்டில் வழக்கமான ஆன்டிபயாட்டிக்குகளுக்குப் பல கிருமிகள் மசிவதில்லை. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட தோல் வழியாக எடுத்தால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும்.

நல்லூரான்

இங்கேயும் 2019 முதல் எம்.ஆர்.ஐ.தான் முதலில். முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு பன்னிரண்டு இடத்தில் குத்துவார்கள். எம்.ஆர்.ஐ. படத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுவார்கள் தங்கச்சி. ஒன்று, இரண்டு என்றால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. நான்கு, ஐந்து என்றால் அந்த இடத்தைக் குறிவைத்து எடுப்பார்கள். நம்மைப் போன்ற ஆசிய ஆண்களில் வாழ்நாளில் பதின்மூன்றில் ஒருவருக்கு இந்த நோய் கண்டறியப்படுகிறது என்பது இந்நாட்டுக் கணக்கு. வெள்ளையருக்கு எட்டில் ஒருவர், கறுப்பினத்தவருக்கு நான்கில் ஒருவர். எங்கள் ஆட்கள் 'நமக்கு வராது' என்று இருப்பதற்கு இதுவும் ஒரு சாக்கு.

பொன்னி

எம்.ஆர்.ஐ.யில் நான்கு. இடப்புறம், ஓரப் பகுதியில், 13 மில்லிமீட்டர். அடுத்த வாரம் பயாப்சி.

சித்தப்பாவும் அம்மாவும் அப்பாவிடம் 'சும்மா ஒரு சோதனை' என்று மட்டும் சொல்ல வேண்டும் என்கிறார்கள். இதயம் பலவீனமானவர், தாங்கமாட்டார் என்று பயம். என்னையும் சத்தியம் செய்யச் சொன்னார்கள். நீங்கள் எல்லோரும் வீட்டில் என்ன செய்தீர்கள்?

பூவரசு

இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படித்துக்கொண்டு வருகிறேன், இந்தக் கேள்விக்காகத்தான் எழுதுகிறேன். என் மாமனாருக்கு வீடே சேர்ந்து மறைத்தோம். ஒன்றரை ஆண்டு 'மூட்டுவலி மருந்து' என்று ஊசி போட்டுக்கொண்டு வந்தார். அந்த ஊசியால் உடம்பு திடீர் திடீரென்று சூடாகும், வியர்க்கும், மார்பு பெருத்தது. ஏன் என்று அவருக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கவும் வெட்கம். தனக்கு மூளை பிசகிவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு நர்ஸ் வாய்தவறிச் சொன்னபோது அவர் அழவில்லை. 'கிணற்றடி நிலத்தை உன் நாத்தனார் பேருக்கு எழுதியிருப்பேனே' என்றுதான் சொன்னார். அதற்குள் கையெழுத்துப் போடும் நிலை தாண்டிவிட்டது.

அது அவருடைய உடம்பு, பொன்னி. 67 வயதுக்காரர் குழந்தை இல்லை. சத்தியம் எதுவும் செய்துவிடாதீர்கள்.

ஓய்வுபெற்றவன்

இதில் பூவரசு அவர்களோடு முழுக்க உடன்படுகிறேன். என் கட்சியே அதுதான்: என்ன செய்வது, செய்யாமலிருப்பது என்பதை நோயாளி முடிவு செய்ய வேண்டும். தெரியாமல் எப்படி முடிவு செய்வார்?

பொன்னி

அப்பாவிடம் நானே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'அந்தக் கெட்டி என்று டாக்டர் சொன்னபோதே நினைத்தேன்' என்றார். அவருக்கு முன்பே சந்தேகம் இருந்திருக்கிறது. எங்களுக்காக அவர் மறைத்துக்கொண்டிருந்தார்!

பயாப்சி முடிவு: கிளீசன் 4+3, கூட்டல் 7, தரக்குழு 3. நோய் உடம்பில் வேறெங்காவது பரவியிருக்கிறதா என்று பார்க்கும் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேனில் வெளியே எங்கும் பரவவில்லை. ரோபோ அறுவை அல்லது கதிர்வீச்சு, இரண்டில் ஒன்று என்கிறார்கள். சித்தப்பா இப்போது தலைகீழாகி, 'உடனே வெட்டி எடு, எவ்வளவு செலவானாலும்' என்று நிற்கிறார்.

அறுவைக்கூடம்

4+3 என்றால் இடைநிலை ஆபத்தில் சற்றுக் கடுமையான பக்கம். கண்காணிப்போடு விடும் நிலை இது இல்லை. அதே சமயம் இந்த வாரமே என்று ஓடவேண்டியதும் இல்லை. சில வாரம் எடுத்துக்கொண்டு இரு தரப்பு மருத்துவர்களையும் பாருங்கள்: அறுவை செய்பவரிடம் கேட்டால் அறுவையும், கதிர்வீச்சு நிபுணரிடம் கேட்டால் கதிர்வீச்சும் நன்றாகத்தான் தெரியும். நானே அறுவைக்காரன், என் பேச்சையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் 1,643 பேரைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்து 15 ஆண்டு தொடர்ந்தார்கள். மூன்று பிரிவும் சேர்ந்து அந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு 2.7 பேர்தான், பிரிவுகளுக்குள் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் உங்கள் அப்பாவைவிட லேசான நோய் உள்ளவர்கள், ஆகவே இதை அப்படியே பொருத்தக் கூடாது. பக்கவிளைவுகளில் வேறுபாடு தெளிவு. அறுவையில் சிறுநீர்க் கசிவும் ஆண்மைக் குறைவும் முதலிலேயே அதிகம். கதிர்வீச்சில் மலக்குடல் எரிச்சல், மலத்தில் ரத்தம் போன்றவை.

இவர் தரத்துக்குக் கதிர்வீச்சு என்றால் நான்கிலிருந்து ஆறு மாதம் ஹார்மோன் ஊசியும் சேர்ப்பார்கள். பூவரசு சொன்ன சூடும் வியர்வையும் அதனால்தான். இதயநோய் உள்ளவர் என்பதால் எந்த ஊசி என்பதை இதய மருத்துவரும் பார்த்துச் சொல்ல வேண்டும். செலவுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் எது அதில் வரும் என்று மருத்துவமனையிலுள்ள காப்பீட்டு மேசையில் முதலிலேயே கேளுங்கள்.

இனி ஒரு வேலை உங்கள் சித்தப்பாவுக்கு. உடன்பிறந்தவருக்கு இந்த நோய் இருந்தால் இவருக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அவரும் ஒருமுறை எடுத்துக்கொள்ளட்டும்.

பொன்னி

அப்பா கதிர்வீச்சைத் தேர்ந்தெடுத்தார். மயக்க மருந்து வேண்டாம், ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டாம், வீட்டிலிருந்து போய்வர வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு. இருபது தவணை, நான்கு வாரம். முதல் ஊசி போட்டாயிற்று. டுடாஸ்டரைடு நிறுத்தியாயிற்று, டாம்சுலோசின் மட்டும் தொடர்கிறது. சித்தப்பாவுக்கு 1.6, எந்த மாத்திரையும் சாப்பிடவில்லை என்று அட்டைகளைப் பார்த்தே உறுதி செய்துகொண்டேன்.

முடிந்தபிறகு பி.எஸ்.ஏ. எந்த எண்ணில் இருக்க வேண்டும்? மறுபடி இரண்டால் பெருக்கவேண்டுமா?

அறுவைக்கூடம்

இனி பெருக்கல் இல்லை. சுரப்பி உள்ளேயே இருப்பதால் அறுவை செய்தவர்களைப் போலப் பூஜ்யத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஊசியின் வேகத்தில் முதலில் மிகவும் இறங்கும். ஊசி ஓய்ந்து டெஸ்டோஸ்டிரோன் திரும்பும்போது சற்று ஏறும். இரண்டு, மூன்று ஆண்டுக்குள் தற்காலிகமாக ஒரு துள்ளல் வந்து தானே இறங்குவதும் உண்டு. தொட்ட மிகக் குறைந்த எண்ணோடு 2 கூடினால்தான் நோய் திரும்பியதாகக் கணக்கிடுவோம். அடிமட்டம் 0.3 என்றால் 2.3. அதற்குக் கீழே ஒவ்வொரு தசமத்துக்கும் தூக்கம் கெடாதீர்கள்.

இன்னொரு நடைமுறைச் செய்தி. ஒவ்வொரு தவணைக்கும் மலக்குடல் காலியாகவும் சிறுநீர்ப்பை நிறைந்தும் இருக்க வேண்டும் என்பார்கள். திருவையாற்றிலிருந்து வருகிறவர் வீட்டிலேயே தண்ணீரைக் குடித்துவிட்டுப் பஸ் ஏற வேண்டாம். அங்கே போய்ப் பெயரைப் பதிந்துவிட்டு, எத்தனை மணிக்கு அழைப்பார்கள் என்று கேட்டுக்கொண்டு, பிறகு குடித்தால் போதும்.